கசப்பு பார்க்கிறவர்

யாங்கோனில், போட்டாதாங் பேட்டையில், ஆற்றைப் பார்த்த சாலையில், ரஹ்மத்துல்லா பாயின் மூலிகைக் கிட்டங்கி இருக்கிறது. மலைப்பக்கத்திலிருந்து வேரும் பட்டையும் இலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இங்கிருந்து மருந்து செய்கிற கம்பெனிகளுக்குப் போகும். கிட்டங்கி வாசலில், வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அது தமிழ்மணியின் நாற்காலி. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். பாய்கூட நின்றுகொண்டு பேசுவாரே தவிர, அதில் உட்கார்ந்ததில்லை.

தமிழ்மணிக்கு வயது ஐம்பத்தெட்டு. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கசப்பு பாக்குறேன்" என்பார். கேட்டவர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கசப்பில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

வேலை இப்படி. மூட்டையைப் பிரித்ததும் மேலே கிடப்பதைத் தொட மாட்டார். விற்கிறவன் நல்லதை மேலேதான் வைப்பான் என்பது அவருக்குத் தெரியும். கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு துண்டு எடுப்பார். உடைத்துப் பார்ப்பார். பிறகு இடது கையைத் தூக்குவார். அவ்வளவுதான், கிட்டங்கியில் எல்லாம் நின்றுவிடும். மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கியபடி நிற்பார்கள், புடைக்கிற பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொள்வார்கள், பாய் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் பேச்சை நிறுத்துவார். கசப்பு பார்க்கிறவர் வாயில் மருந்து இருக்கும்போது யாரும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. பாயின் அப்பா காலத்திலிருந்து அது வழக்கம். தமிழ்மணி மென்றுவிட்டு மனதுக்குள் முப்பது எண்ணுவார். எண்ணி முடித்து, தகர டப்பாவில் துப்பி, அரிசி கழுவிய தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஒரே ஒரு சொல் சொல்வார். "போகட்டும்." இல்லாவிட்டால் "திருப்பு." அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்த நாக்குக்காக அவர் என்னென்னவோ விட்டார். இந்த ஊரில் வெற்றிலை போடாத ஆம்பளையைப் பார்ப்பது கஷ்டம், தமிழ்மணி போட்டதில்லை. டீக்கடையில் டப்பாக் கெட்டிப்பால் கரைத்த டீயை எல்லோரும் குடிக்கும்போது அவர் வெறும் சாயத்தண்ணீர் குடிப்பார்.

நாக்கு எதற்கு, கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்டால் போதாதுதான். நிலவேம்பு மூன்று வருஷம் கிட்டங்கியில் கிடந்தாலும் இலை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் கசப்பு இளைத்திருக்கும். கசப்பு போனால் அதிலிருந்த மருந்தும் போச்சு என்று அர்த்தம். பேதிக்குக் கொடுக்கிற குடசப்பாலைப் பட்டை இருக்கிறதே, அதற்கும் வெட்பாலைப் பட்டைக்கும் காய்ந்த பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். ஆனால் குடசப்பாலை கசக்கும்; பத்து எண்ணும்போது வந்து, அடிநாக்கில் ஏறி, அரைமணி நேரம் இறங்காது. வெட்பாலையில் அந்தக் கசப்பு கிடையாது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. தெரியாத்தனமாகவோ தெரிந்தோ எட்டிமரத்துப் பட்டையையும் சில பாவிகள் கலந்துவிடுவார்கள். அதுவும் கசக்கும், ஆனால் வேறு மாதிரி, சுருக்கென்று முதல் எண்ணிக்கையிலேயே. அது விஷம்.

மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிற கோபிகிருஷ்ணன் என்ற இளைஞன் வாரம் ஒருமுறை கிட்டங்கிக்கு வருவான். அவனுக்குத் தமிழைவிட பர்மிய மொழிதான் நன்றாக வரும். தமிழ்மணியை 'ஊலே' என்று, மாமா என்கிற அர்த்தத்தில், கூப்பிடுவான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும்.

"ஊலே, நீங்க நாக்குல புடிக்கிறது இருக்குல்ல, நிலவேம்புல அது ஆண்ட்ரோகிராஃபோலைடு. பாலைப்பட்டைல கொனெசின். இலையில நூறு சாமான் இருக்கும், வேலை செய்யுறது அது மாதிரி நாலஞ்சுதான்."

"நீ வச்ச பேரு நீளமா இருக்கு தம்பி," என்பார் தமிழ்மணி. "நான் கசப்புன்னு கூப்புடுறேன். ஆளு ஒண்ணுதான்."

கோபிகிருஷ்ணனின் சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தகட்டில் சாற்றைப் பொட்டு வைத்து, எந்தச் சாமான் இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கிற வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிற திரவம் வேண்டும். மின்சாரம் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். திரவம் வந்தால் வரும். ஆகவே தமிழ்மணியின் நாக்குதான் யாங்கோனில் பல பேருடைய வயிற்றுக்குக் காவல் என்று பாய் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த நாக்கு செத்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிட்டங்கியில் ஒருத்தருக்கும் தெரியாது.

கொரோனா மூன்றாவது தடவையாக வந்த மழைக்காலத்தில் போனது. அந்த மழைக்காலத்தைப் பற்றி இங்கே யாரும் விரும்பிப் பேசுவதில்லை. ஆக்சிஜன் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கும் அந்தத் தெருப்பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தமிழ்மணிக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்தது. பிழைத்துக்கொண்டார். பதினோராம் நாள் மனைவி பவுனம்மாள் ரசம் வைத்துக் கொடுத்தாள்.

"உப்பு போடலயா பவுனு?"

"போட்டேனே." அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "சரியாத்தாங்க இருக்கு."

அவர் எழுந்து போய் அலமாரியில் இருந்த நிலவேம்புப் பொடியை ஒரு சிட்டிகை வாயில் போட்டார். வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டார். பிறகு ஒரு கைப்பிடி. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயெல்லாம் பொடியோடு, அழுதார். பவுனம்மாள் பயந்துபோய் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். சிலருக்குத் திரும்பியது. இவருக்குத் திரும்பவில்லை.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். அந்த வருஷம் ஊரில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. படித்தவனே வேலையில்லாமல் தெருவில் நின்றான். இவருக்கோ எட்டாம் வகுப்புப் படிப்பு. நாக்கை விட்டால் வேறு தொழில் தெரியாது. ஒரே மகன் தேவராஜ் தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. நாற்காலியை விட்டு எழுந்தால் மறுபடி உட்கார இடம் இல்லை. அதுதான் உண்மை.

வழி கண்டுபிடித்தவள் பவுனம்மாள்தான். "கொண்டாங்க. நான் பாத்துச் சொல்றேன்," என்றாள்.

அவள் மிங்கலா தாங்ஞுன்டில், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு தோசைக்கடையில் காலையில் சாம்பார் வைக்கிறவள். உப்புப் புளி பார்த்துப் பழகிய நாக்கு. தமிழ்மணி கசப்பை ஞாபகத்திலிருந்து சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். எது நுனியில் வரும், எது அடியில் வரும், எது எத்தனையாவது எண்ணிக்கையில் ஏறும், எது துப்பியதும் போகும், எது போகாது, எதை ஒரு சொட்டுகூட விழுங்கக் கூடாது. ஒன்றரை மாதத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். அவரைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டாள் என்று சொன்னாலும் பொய்யில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதற்குத் தோதாகக் கிட்டங்கியில் ஒரு புது விதி போட்டார். வந்த மூட்டையை வந்த அன்றே பார்க்கக் கூடாது, ஆற்று ஈரம் ஒரு ராத்திரி காய வேண்டும், அப்போதுதான் கசப்பு சரியாகத் தெரியும் என்றார். பாய் தலையாட்டினார், தமிழ்மணி சொன்னால் மறுபேச்சு ஏது? சாயங்காலம் மூட்டைகளிலிருந்து துணுக்குகளை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெரிசல் பஸ்ஸில் நசுங்கி, நாலு மாடி ஏறி வீட்டுக்கு வருவார். பவுனம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொன்றாக மெல்லுவாள், எண்ணுவாள், துப்புவாள், சொல்லுவாள். மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தூக்கி, கிட்டங்கி முழுவதையும் நிறுத்தி, மரத்துண்டை மென்று, முப்பது எண்ணி, மனைவி சொன்னதைச் சொல்வார்.

நாலு வருஷம். சொல்வதற்கு இரண்டு வார்த்தைதான். அந்த நாலு வருஷத்தில் பவுனம்மாளுக்கு ராத்திரிச் சாப்பாடு ருசித்ததே இல்லை. "இந்தக் கருமத்தத் தின்னுட்டு எனக்குப் பச்சத் தண்ணிகூடக் கசக்குதுங்க," என்பாள். ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. களைத்துப் போயிருப்பாள், அடுப்புச் சூட்டில் கண் சிவந்திருக்கும், தண்ணீர் மேலே ஏறாத நாளில் வாளி வாளியாகக் கீழிருந்து தூக்கியிருப்பாள். அப்புறம் கையை நீட்டுவாள். அவர் பொட்டலத்தைப் பிரிப்பார். அவள் முகத்தைப் பார்க்காமல் பிரிப்பார்.

இந்தப் பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவள் விரதம் இருந்தாள், மஞ்சள் சேலை கட்டினாள். அலகு போடுகிறேன் என்றாள். மகனுக்காக வேண்டியிருக்கிறாள் என்று தமிழ்மணி நினைத்துக்கொண்டார். வயசுப் பிள்ளை வெளியூரில் இருக்கிற வீட்டில் தாய் வேண்டுவதற்குக் காரணமா கேட்க வேண்டும்? "இந்த வயசுல எதுக்கு பவுனு?" என்று மட்டும் கேட்டார். "வேண்டிட்டேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உடுக்கை அடித்தார்கள், வேப்பிலை ஆடியது. பூசாரி பவுனம்மாளை நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு சாண் நீளமுள்ள வெள்ளி வேல் அவள் நாக்கின் நடுவில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்தது. கூட்டம் "ஓம் சக்தி" என்று குரல் கொடுத்தது.

அந்த நிமிஷத்தில்தான் தமிழ்மணிக்கு உறைத்தது. ஐயோ, அது அவர் நாக்கல்லவா! சாமிக்கு நேர்ந்துகொண்டவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது, கூடவே நடந்து வந்தவருக்கும் தோன்றவில்லை. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க, அவர் ஒருத்தர் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு நாகரத்தினம் அவர் தோளைத் தட்டி, "பயப்படாதீங்கண்ணே, ஆத்தா ரத்தம் வரவிட மாட்டா," என்றாள். ரத்தம் வரவில்லைதான். அலகை எடுத்து, விபூதியை அழுத்தி வைத்து, அஞ்சாறு நாளைக்குக் காரம், சூடு, கசப்பு எதுவும் கூடாது, மோரும் கஞ்சியும்தான் என்று பூசாரி சொல்லி அனுப்பினார்.

அஞ்சாறு நாள்தானே, மூட்டை வராமல் இருந்தாலும் இருக்கும், வந்தாலும் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தமிழ்மணி திங்கள்கிழமை வேலைக்குப் போனார். பதினோரு மூட்டை வந்து இறங்கியிருந்தது. குடசப்பாலைப் பட்டை.

"தமிழு, நல்ல நேரத்துல வந்திருக்கு," என்றார் பாய். "கீழ்ப்பக்கத்துக் கிராமமெல்லாம் குளத்துத் தண்ணி கெட்டுப்போய்ப் பிள்ளைங்களுக்கு ஒரே பேதியாம். அங்க ஒரு தர்ம வைத்தியசாலை கேட்டுருக்காங்க. கம்பெனிக்குப் போய்ப் பொடியாகுறதுக்கெல்லாம் நேரமில்ல, பட்டையாவே குடு, நாங்களே காய்ச்சிக் குடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் படகு. காலைல நீ பாத்துச் சொல்லிரு."

"கோபிகிருஷ்ணன் தம்பிக்கிட்ட ஒரு தடவ பாத்துரலாமே பாய்."

"அங்க மூணு நாளா கரண்ட் இல்லப்பா. நீ இருக்கும்போது அவன் எதுக்கு?"

விற்றவன் புது ஆள். இதுவரை வாங்கியவனுடைய ஊருக்குப் பாதை அடைபட்டதால் வேறு யாரிடமோ வாங்கியது. தமிழ்மணி நாலைந்து மூட்டையில் கைவிட்டுப் பார்த்தார். சில துண்டு தடிமனாக இருந்தது, சிலது மெல்லிசாக. உள்பக்க நிறம் எல்லாம் ஒன்றுபோல இல்லை. கண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண் சந்தேகப்படத்தான் செய்யும், தீர்ப்பு சொல்லாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பவுனம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறிய கஞ்சியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பை புடைத்திருப்பதைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வேணாம்," என்றார் தமிழ்மணி.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"வேணாம்னு சொல்றேன்ல. வாயத் தொற, பாப்போம்."

திறந்தாள். நாக்கு நடுவில் வீங்கிச் சிவந்து, துளை விழுந்த இடத்தில் விபூதி கருத்துப்போய் ஒட்டியிருந்தது. அதன்மேல் பட்டையை வைப்பதா? அதுவும் எட்டிப்பட்டை கலந்திருக்குமோ என்று சந்தேகம் உள்ள பட்டையை, திறந்த புண்ணிலா? தமிழ்மணி பொட்டலத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

"ஏன் பவுனு இத நேந்துக்கிட்ட? வேற எதுவும் கெடைக்கலயா? தீ மிதிச்சிருக்கலாமே. மொட்ட போட்டிருக்கலாமே." கோபம் அவள் மேலா தன் மேலா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு, தடித்த நாக்கால், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "எனக்கு... முடியலங்க. கசந்து கசந்து... செத்துட்டேன். அவரு நாக்கக் குடு, என்ன விட்டுருன்னு... ஆத்தாகிட்ட கேட்டேன். நாக்குக் கேட்டா... நாக்குதான... குடுக்கணும்."

நாலு வருஷத்தில் அவள் 'முடியல' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "போதும் பவுனு. இனிமே வேணாம். நான் பாத்துக்கிறேன்," என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வார்? படுத்தபடி யோசித்தார். 'போகட்டும்' என்று சொல்லிவிடலாம். பட்டை நல்லதாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வெட்பாலையாக இருந்தால் பேதி நிற்காது, பிள்ளைகள் வற்றிப்போகும். எட்டியாக இருந்தால் நினைக்கவே வேண்டாம். 'திருப்பு' என்று சொல்லலாம். நல்ல பட்டையாக இருந்தால் அப்போதும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கேடு. வேறு பட்டை வர இரண்டு வாரம் ஆகும். நாகரத்தினத்தை எழுப்பி ஒரு துண்டு மென்று பார்க்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தார். விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அது போகட்டும், விஷமோ என்று தான் பயப்படுகிற ஒன்றை அடுத்தவள் வாயில் எப்படி வைப்பது?

காலையில் கிட்டங்கிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு மூட்டையும் எதிரே வரிசையாக நின்றன. பாய் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ்மணி முழங்கைவரை உள்ளே விட்டு ஒரு துண்டு எடுத்தார். இடது கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. வாயில் வைத்து மென்றார்.

ஒன்றுமில்லை. என்ன எதிர்பார்த்தாரோ தெரியாது. ஆத்தா மனமிரங்கித் திருப்பிக் கொடுத்திருப்பாளோ என்று ஒரு நப்பாசை இருந்திருக்கும். மரத்தூள்தான் பல்லில் பட்டது. முப்பது எண்ணினார். நாற்பது, ஐம்பது என்று போனது. தலையில் மூட்டையோடு நின்றவனுக்குக் கழுத்து வலித்திருக்கும். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அத்தனை பேரும் தன் வாய்க்காகக் காத்திருப்பதைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷ மரியாதை அது. நாலு வருஷமாகத் திருட்டு மரியாதை.

துப்பிவிட்டு, "பாய், எனக்குக் கசப்பு தெரியாது," என்றார்.

"என்ன சொல்ற? பட்டை போலியா?"

"பட்டையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல பாய். என் நாக்கச் சொல்றேன். கொரோனாவுல போச்சு. உப்பு, புளி, கசப்பு எதுவும் தெரியாது. இதை நம்பி அனுப்பிராதீங்க. உள்ள எட்டி கெடந்தாலும் எனக்குத் தெரியாது."

புடைக்கிற பெண்களில் ஒருத்தி கையிலிருந்த முறத்தை நழுவவிட்டாள். பாய் ஓரடி கிட்டே வந்தார்.

"கொரோனாவுலன்னா... நாலு வருசமாச்சேப்பா! அப்ப இத்தன நாளும் யாரு பாத்தா?"

"என் வீட்டம்மா."

பாய் படகைப் பட்டை இல்லாமல் போகச் சொன்னார். தமிழ்மணியைப் பார்க்காமல், "நீ வீட்டுக்குப் போ," என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. மத்தியான வெயிலில், பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல், மிங்கலா தாங்ஞுன்ட்வரை நடந்தே வந்தார். நாலு மாடியை ஏறும்போது இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்.

பவுனம்மாளிடம் எல்லாம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வேலை போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் சாயங்காலம் யாரும் எதையும் மென்று துப்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் மோரில் கரைத்த சோற்றை வாயில் வைத்து, மெதுவாக, "புளிக்குது," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. பிச்சை எடுத்தாலும் சரி, இதுவே போதும் என்று அந்த நிமிஷம் மனசாரத் தோன்றியது.

அன்றைக்கு மத்தியானம் பாய் கூப்பிட்டு அனுப்பினார். கிட்டங்கியில் கோபிகிருஷ்ணன் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தான். மின்சாரம் வந்து, தகட்டில் பார்த்துவிட்டான்.

"ஊலே, எட்டி இல்ல. ஆனா பாதிக்குப் பாதி வெட்பாலை. கொனெசின் பேருக்குத்தான் இருக்கு. இதக் காய்ச்சிக் குடுத்திருந்தா பேதி நின்னுருக்காது." அவன் எழுந்து நின்றே பேசினான்.

"பொறுக்கிப் பிரிச்சு, தம்பிகிட்ட இன்னொரு தடவ பாத்துட்டு, நல்லத மட்டும் அடுத்த படகுல அனுப்புறேன்," என்றார் பாய். பிறகு தமிழ்மணியைத் தனியாக அழைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனார்.

"நாலு வருசமா என்னை ஏமாத்துன. அத நெனச்சா வயிறு எரியுது. ஆனா நாலு வருசமா ஒரு மூட்டையும் தப்பாப் போனதில்லப்பா, பழைய ரசீதெல்லாம் பொரட்டிப் பாத்துட்டேன். கம்பெனிக்காரன் ஒருத்தன்கூடக் கொற சொன்னதில்ல. உன் நாக்கவிட அந்த நாக்கு கெட்டிக்கார நாக்கு." திரும்பி அவரைப் பார்த்தார். "வீட்டம்மாவுக்குப் புண்ணு ஆறட்டும். ஆறுனதும் கூட்டிட்டு வா. நாற்காலி அவங்களுக்கு. உன் சம்பளம் அவங்களுக்கு. நீ வேணும்னா பொறுக்குற எடத்துல உக்காரு, கண்ணும் கையும் நல்லாத்தான இருக்கு? அதுக்குத் தனியா ஏதோ தர்றேன்."

நல்ல மனுஷர்தான். வேறு முதலாளியாக இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். தமிழ்மணிக்கு அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, ஆற்றில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

"அவ வர மாட்டா பாய்."

"ஏன்? வீட்ல பாத்தத இங்க வந்து பாக்கப் போறாங்க. நீ கேளு மொதல்ல."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா? வேலை போச்சு, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். அவள் கேட்டுக்கொண்டு, தோசைக்கடையில் சாயங்காலமும் வேலை கேட்பாள். வாடகைக்கு என்ன செய்வது? அடுத்த மாதம் அரிசிக்கு? தாம்வேயில் ஒரு அடுக்குமாடிக்கு ராத்திரிக் காவல் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார், இளவட்டமாகப் பார்க்கிறார்களாம். இளவட்டம் ஊரில் எங்கே இருக்கிறது, எல்லாம் வெளிநாடு போய்விட்டது, ஒருவேளை தன்னை எடுத்தாலும் எடுப்பார்கள். அதுவும் வராவிட்டால்? எந்தப் பக்கம் யோசித்தாலும் சுற்றிச் சுற்றி அந்த நாற்காலியிலேயே வந்து நின்றது.

பவுனம்மாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துக் காரம் சேர்க்கலாம், புளிக்குழம்பு வைக்கப்போகிறேன், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அதற்குள் ஆசை பொறுக்கவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்தது.

"என்னங்க சொன்னாரு?"

"பட்டைல பாதி வெட்பாலையாம்."

"அம்மாடி. நல்லவேள, அனுப்பாம விட்டீங்க." கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "வேலை?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியது விழுந்தது. மறுபடி மாட்டினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நாலு வருஷம் சொன்னது போதும் என்று இருந்தது.

"வேலை இருக்கு பவுனு. எனக்கு இல்ல. ஒன்ன வந்து நாற்காலியில உக்காரச் சொல்றாரு. ஒன் நாக்கு கெட்டிக்கார நாக்காம்." அவளைப் பார்க்காமல் வேகவேகமாகச் சொன்னார். "நீ ஒண்ணும் வர வேணாம். முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். நான் வேற எதாவது பாத்துக்கிறேன். தாம்வேயில காவல் வேலைக்கு ஆள் கேக்குறாங்க. நீ பட்டதெல்லாம் போதும்."

அவள் நறுக்காமல் கிடந்த கத்தரிக்காயை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழே வைத்தாள். நாகரத்தினத்தின் வீட்டில் குழாயில் தண்ணீர் வந்து வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் பிடிக்க இவளும் எழுந்திருக்க வேண்டும்; எழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"காலைல தோசைக்கடைக்குப் போயிட்டு வந்தா சரியா இருக்குமாங்க?" என்று கேட்டாள். "இல்ல, ஏழு மணிக்கெல்லாம் கிட்டங்கில இருக்கணுமா?"